தார்ப்பாய்க்குள் பதினொரு பேர்

கடலூர் முதுநகரில் நேற்றுக் காலை ஒரு தெருமுனையில் பிளீச்சிங் பவுடர் வாடை மூக்கில் ஏறியதும் உன் நினைவு வந்தது. தெருவின் இரண்டு ஓரங்களிலும் வெள்ளைக் கோடு இழுத்திருந்தார்கள். புதிதாக ஏதோ காய்ச்சல் என்று ஒரு வாரமாகப் பேச்சு. அந்தத் தெருவில் இரண்டு வீடுகளில் ஆட்கள் படுத்திருக்கிறார்கள். துப்புரவுப் பணியாளர் ஒருவர் முகக்கவசத்தைத் தாடைக்குக் கீழே இறக்கிவிட்டுப் பவுடரைத் தூவிக்கொண்டிருந்தார். உள்ளூர்ப் பிரமுகர் ஒருவர் பக்கத்தில் நின்று அதைப் படம் எடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். இதே ஊரில் இதே கோட்டைப் பார்த்து நீ சொன்னது காதில் கேட்டது: "மூச்சுல பரவுறதுக்குத் தரையில மருந்து போடுறானுங்க மச்சான். கிருமிக்கும் உபயோகம் இல்ல, கொசுவுக்கும் உபயோகம் இல்ல. போட்டோவுல மட்டும் நல்லா வெள்ளையா வுழும்."

அன்றைக்குச் சிரித்தேன். நேற்று எரிச்சல்தான் வந்தது. கொரோனாவில் இத்தனை பேர் செத்தும் நாம் கற்றுக்கொண்டது இந்த வெள்ளைக் கோடுதானா?

சிதம்பரத்தில் ஒரே அறையில் தங்கிப் படித்த நாம் இருவரும் கடலூரிலேயே வேலைக்கு வந்து சேர்ந்தோம். நீ சுகாதார ஆய்வாளர், நான் நாளிதழ்ச் செய்தியாளன். காலரா, டெங்கு என்று எது வந்தாலும் முதலில் உன்னைத்தான் தேடி வருவேன். நீ விசாரிக்கும் விதத்தைப் பக்கத்தில் நின்று பார்ப்பதே எனக்குப் பாடமாக இருக்கும். எங்கே போனாய், யாரைப் பார்த்தாய் என்று நீ யாரையும் கேட்டதில்லை. என்ன சாப்பிட்டாய் என்றுதான் ஆரம்பிப்பாய். "எங்க போனேன்னு கேட்டா போலீஸ் மாதிரி இருக்கும், பொய் சொல்லுவான். என்ன சாப்ட்டன்னு கேட்டா அம்மா மாதிரி இருக்கும், எல்லாத்தையும் கொட்டிடுவான்" என்பாய்.

2020 தொடக்கத்தில் நம் இருவருக்கும் வேலை கூடியது. நான் உலகத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். முன்பு ஒரு நோயில் பட்ட அடியை மறக்காத தீவு நாடு ஒன்று, முதல் தகவல் வந்தவுடனே விமானத்துக்குள் ஏறிப் பயணிகளைப் பரிசோதித்ததை எழுதினேன். சாலையோரத்தில் கார்களை நிறுத்திச் சளி மாதிரி எடுத்த நாட்டைப் பற்றி எழுதினேன். எல்லா வசதியும் இருந்தும், பார்க்கலாம் பார்க்கலாம் என்று வாரக்கணக்கில் காலத்தைத் தொலைத்த பணக்கார நாடுகளைப் பற்றி எழுதினேன். தலைமை அலுவலகத்தில் பாராட்டினார்கள். நீ மட்டும் பாராட்டவில்லை. "ஒலகத்த நல்லா எழுதியிருக்க. உள்ளூர எப்ப எழுதுவ?" என்று கேட்டாய்.

உன் கையில் அப்போது ஒரு படிவம் இருந்தது. யாரைப் பரிசோதிக்கலாம் என்று முடிவு செய்கிற படிவம். முதல் கேள்வி, வெளிநாடு போய் வந்தீர்களா? இரண்டாவது கேள்வி, நோய் உறுதியானவரோடு பழகினீர்களா? இரண்டுக்கும் இல்லை என்றால், காய்ச்சல்காரரை மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான். "பரிசோதன பண்ணாதான் யாருக்கு இருக்குன்னு தெரியும். யாருக்கு இருக்குன்னு தெரிஞ்சாதான் பரிசோதன பண்ணுவாங்களாம். எப்படி இருக்கு பாரு" என்றாய். பிறகு எனக்குப் புரியும்படி சொன்னாய்: "இன்னிக்கு நீ பாக்குற காய்ச்சல் போன வாரத்து சமாச்சாரம். அவன் படுக்குறதுக்கு முன்னாடியே நாலு பேருக்குக் குடுத்திருப்பான். நாம எப்பவும் ஒரு வாரம் லேட்டுடா."

ஊரடங்கு வந்தது. நான்கு மணி நேர அவகாசத்தில் நாடே மூடப்பட்டது. வேலை போய்ச் சென்னையில் மாட்டிக்கொண்டவர்கள் எப்படி ஊர் திரும்புவார்கள் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. பேருந்து இல்லை, ரயில் இல்லை. ஆனால் பழ லாரிகள் ஓடின. ஏப்ரலில் பண்ருட்டியிலிருந்து சென்னைக்குப் பலாப்பழம் ஏற்றிப்போன ஒரு லாரி, திரும்பும்போது காலியாக வராமல் ஆட்களை ஏற்றி வந்தது. சோதனைச் சாவடியில் தெரியக் கூடாது என்று தார்ப்பாயை இழுத்துக் கட்டியிருந்தார்கள். ஏழு மணி நேரம். காற்றாட வந்திருக்க வேண்டிய வண்டியைப் பயம் ஒரு மூடிய அறையாக்கிவிட்டது.

முதுநகரைச் சேர்ந்த அந்த ஓட்டுநர் நான்காம் நாள் காய்ச்சலில் விழுந்தார். படிவத்தின்படி அவருக்குப் பரிசோதனை கிடையாது. இரண்டு நாள் நீ மேலே சண்டை போட்டு மாதிரி எடுக்க வைத்தாய். தொற்று உறுதியானது. எத்தனை பேரை ஏற்றி வந்தாய் என்று மற்றவர்கள் கேட்டபோது, "யாரையும் ஏத்தலிங்க சார், சத்தியமா" என்றார். வழக்குப் போட்டு லாரியைப் பிடித்துவிடுவார்கள் என்ற பயம். நீ போய் ஆறடி தள்ளி நின்றுகொண்டு கேட்டாய்.

"வெயில்ல வந்திருக்கியே, வழியில என்ன சாப்ட்ட?"

"திண்டிவனத்தாண்ட தர்பூசணி வாங்கினோம் சார்."

"வாங்கினோமா? எத்தினி துண்டு போட்ட?"

"பன்னெண்டு" என்றவர், சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அவருக்கு ஒன்று. மீதி பதினொன்று. அந்தப் பதினொரு பேரைத் தேடி நீ அலைந்தாய். பண்ருட்டியில் மூவர், நெல்லிக்குப்பத்தில் இருவர் என்று இரண்டே நாளில் பத்துப் பேரைக் கண்டுபிடித்துவிட்டாய். பதினோராவது ஆள், சென்னையில் வீட்டு வேலை செய்த ஒரு பெண். சிதம்பரத்தில் இறங்கினார் என்பது மட்டும் தெரிந்தது. கூட வந்த ஒருவரிடம் அவருடைய எண் இருந்தது. நீ பேசினாய். முதலில் அழுதார், பிறகு, "நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரிக்கு வந்துடுறேங்க" என்றார். இதையெல்லாம் நீ என்னிடம் சொன்னது நண்பனிடம் சொன்னதுதான். நான் கேட்டது செய்தியாளனாக.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. விபத்தோ கொலையோ, பெயர், வயது, தெரு, தொழில் நான்கும் இல்லாமல் செய்தி போகாது. ஒன்று குறைந்தாலும் துணையாசிரியர் திருப்பிக் கூப்பிடுவார். நான் அந்த ஓட்டுநரின் பெயரை மட்டும் விட்டுவிட்டேன். அதையே பெரிய நாகரிகமாக நினைத்துக்கொண்டேன். தெரு இருந்தது, வயது இருந்தது, பலா லாரி இருந்தது, தார்ப்பாய் இருந்தது. பதினொரு பேரும், அவர்கள் எந்தெந்த ஊரில் இறங்கினார்கள் என்பதும் இருந்தன. விதியை மீறி வந்தவர்கள் மீது வழக்குப் பதிய வாய்ப்புள்ளது என்ற கடைசி வரியும் இருந்தது. அந்த வரியை யாரும் என்னிடம் சொல்லவில்லை. அப்படி முடிப்பது வழக்கம், முடித்தேன்.

காலை எட்டு மணிக்குள் அந்தத் தெருவை அடைத்துத் தகரம் அடித்தார்கள். ஓட்டுநரின் மனைவிக்குப் பால் வாங்கிக் கொடுக்கக்கூட ஆளில்லை. சிதம்பரத்துப் பெண் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. அவருடைய செல்போன் அணைந்திருந்தது.

நீ என்னை உன் அலுவலக வாசலுக்கு வரச் சொன்னாய். முகக்கவசத்துக்கு மேலே உன் கண்கள் சிவந்திருந்தன. எத்தனை நாளாகத் தூங்கவில்லையோ.

"உன் நியூஸ்ல ஒரு வரி தப்பு இல்ல மச்சான்" என்றாய். "அதான் எனக்கு வயிறு எரியுது."

"ஜனங்களுக்குத் தெரிய வேணாமா?" என்று கேட்டேன். உள்ளபடியே அப்படித்தான் நம்பினேன்.

"தெரியணும். இன்ன நாள் பலா லாரியில வந்தவங்க தைரியமா வாங்க, கேஸ் கெடையாதுன்னு போட்டிருந்தா அது தெரிய வெக்கிறது. நீ போட்டது தகரம் அடிக்க அட்ரஸ்."

நீ அந்தப் பெண்ணின் எண்ணை என் செல்போனில் பதியச் சொன்னாய். "நீயே கூப்பிடு. நாந்தான் எழுதினேன், தப்பா முடிச்சிட்டேன், கேஸு இல்ல, வாங்கன்னு சொல்லு. அது எடுக்குற வரிக்கும் கூப்பிடு." அன்றைக்கு நான்கு முறை கூப்பிட்டேன். மறுநாள் இரண்டு முறை. அதன் பிறகு அடுத்த செய்தி, அதற்கடுத்த செய்தி.

எட்டு நாள் கழித்து அந்தப் பெண் தானாகவே வந்தார், மூச்சு வாங்கிக்கொண்டிருந்த அக்கா கணவரை ஆட்டோவில் படுக்க வைத்துக்கொண்டு. இருவருக்கும் தொற்று இருப்பது பரிசோதனையில் தெரிந்தது. அந்தப் பெண் பிழைத்தார், அக்கா கணவர் பிழைக்கவில்லை. என் செய்தியால்தான் என்று நிரூபிக்க முடியாது. அந்தப் பெண் சொன்னபடி முதல் நாளே வந்திருந்தாலும் அந்த மனிதருக்கு முன்பே தொற்றியிருக்கலாம். துல்லியம் என்று பார்த்தால் இதையும் சொல்ல வேண்டும். ஆனால் அவர் வந்திருந்தால் வீட்டாரை நீ உடனே தேடிப் போயிருப்பாய். மூச்சு முட்டும் வரை ஒருவரை விட்டுவைத்திருக்க மாட்டாய். எட்டு நாள் என்பது எட்டு நாள்தான்.

அடுத்த ஆண்டு இரண்டாம் அலையில் நீ போனாய். உன் மரணச் செய்தியை நான்தான் எழுதினேன். உன் மனைவி தொலைபேசியில், "அண்ணே, கொரோனான்னு மட்டும் போட்டுடாதீங்க, பசங்கள யாரும் பக்கத்துல சேக்க மாட்டாங்க" என்றார். உடல்நலக் குறைவு என்று போட்டேன். உன் வீட்டுக்கு அரை நிமிடத்தில் செய்ய முடிந்ததை அந்த ஓட்டுநர் வீட்டுக்கு ஏன் செய்யவில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

நேற்று மதியம் புதிய காய்ச்சல் பற்றி அதிகாரிகள் செய்தியாளர்களைக் கூட்டியிருந்தார்கள். "தானாக முன்வருகிறவர்கள் மேல நடவடிக்கை இருக்காதுன்னு சொல்ல முடியுமா?" என்று கேட்டேன். மேடையில் இருந்தவர் என்னை விசித்திரமாகப் பார்த்துவிட்டு, "மறைப்பவர்கள் மீது கடும் நடவடிக்கை பாயும்" என்றார். பக்கத்திலிருந்தவர்கள் அதை அப்படியே தட்டச்சு செய்தார்கள். பிறகு எங்கள் அலுவலகத்திலிருந்து அழைப்பு.

"சார், எந்தத் தெரு?"

"தெரியாது."

"நீங்க ஸ்பாட்டுக்குப் போனீங்களே சார்?"

"போனேன். தெரியாது."

இன்று காலை வேறொரு பத்திரிகையில் தெரு வந்திருந்தது. என் வாய் ஒன்றை மூடி என்ன ஆகப்போகிறது? கோபத்தில் செய்தித்தாளை மடித்துப் போட்டுவிட்டு, நீ பதிய வைத்த எண்ணைத் தேடி எடுத்து அழைத்தேன். இத்தனை ஆண்டுக்குப் பிறகு மணி அடித்தது.

"யாருங்க?"

நான் யார் என்று சொன்னேன். லாரிச் செய்தியை எழுதியவன் என்று சொன்னேன். கேஸ் கிடையாது, வாங்க என்று சொல்ல வேண்டிய வாக்கியத்துக்கு இனி வேலையில்லை. தப்பு செய்துவிட்டேன் என்றேன். அந்தப் பக்கம் பாத்திரம் ஒன்றைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"அந்த ஹெல்த் இன்ஸ்பெக்டர் சார் எப்படி இருக்காரு? அவுரு மட்டுந்தான் எங்கிட்ட அதட்டாம பேசினாரு."

சொன்னேன். "அய்யோ" என்றார். பிறகு என்னைக் கேட்டார்:

"எங்க அக்கா வூட்டுக்காரரு செத்தாரே, அவுரு பேரு என்னான்னு தெரியுமா ஒங்களுக்கு?"

மச்சான், எனக்குத் தெரியவில்லை. எந்தத் தெருவில் எத்தனை பேர் என்று எழுதிய நான் அந்த ஒரு பெயரை யாரிடமும் கேட்டதில்லை. தெரியாது என்று சொன்னேன். நேற்றும் அதே சொல்லைத்தான் சொன்னேன், அது பொய்.

அவர் பெயரைச் சொன்னார். தறியில் வேலை பார்த்தவர், இரண்டு பெண் பிள்ளைகள், பெரியவள் இப்போது நர்ஸ் படிப்பு படிக்கிறாள். கேட்காமலே நிறுத்தி நிறுத்திச் சொன்னார், நான் எழுத நேரம் கொடுக்கிறவர் போல.

"எழுதிக்கினீங்களா?"

"எழுதிக்கிட்டேம்மா."

"பேப்பர்ல போட்டுடாதீங்க" என்றார். "நீங்க ஞாபகம் வெச்சிக்குங்க."