மீட்டருக்கு இந்தப் பக்கம்

பிப்ரவரி 3, திங்கள்

கேட்டுக்குப் பக்கத்தில் தரையில் பதித்த ஷாபாத் கல் ஒன்று ஈரமாக இருக்கிறது. நான் தண்ணீர் ஊற்றவில்லை. மாடியில் குடியிருக்கும் நஸ்ரின் காலையிலேயே ஆபீஸ் போய்விட்டாள், அவளும் ஊற்றவில்லை. இன்று தண்ணீர் விடும் நாள். ஒரு மணி நேரம் வந்தும் சம்ப் பாதிதான் நிரம்பியது. மீதி மண்ணுக்கடியில் எங்கேயோ போகிறது.

ஹம்சா வீட்டில் இல்லாத நேரம் பார்த்து வந்திருக்கிறது பாருங்கள் இந்தச் சனியன். மகள் ப்ரியாவின் பிரசவத்துக்காக அவள் பெங்களூர் போய்ப் பத்து நாளாகிறது. இந்த ஹப்சிகுடா வீட்டைப் பூட்டிவிட்டு நாங்கள் இரண்டு பேரும் அங்கேயே வந்துவிட வேண்டும் என்பது ப்ரியாவின் கட்சி. "ஒரு மாசம் தனியா சமாளிச்சுக் காட்டுங்கப்பா, அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்" என்றாள். காட்டிக்கொண்டிருக்கிறேன். அவர்கள் காதுக்குப் போகும் முன் இதைச் சரி செய்தாக வேண்டும்.

பிப்ரவரி 4, செவ்வாய்

யாரைக் கூப்பிடுவது?

ஈரம் சரியாக மீட்டருக்குக் கீழே. மீட்டருக்கு அந்தப் பக்கம் உடைந்திருந்தால் வாட்டர் போர்டு வர வேண்டும். இந்தப் பக்கம் என்றால் நம் பாடு, நம் பிளம்பர் சாம்பசிவம். பிளம்பர் தோண்டி, கசிவு அந்தப் பக்கம் என்று தெரிந்தால்? ரோட்டில் கை வைக்க அவனுக்கு அனுமதி கிடையாது. மெஷின் வைத்து லீக் கண்டுபிடிக்கிறவர்கள் வேறு இருக்கிறார்கள். ஃபெலிக்ஸ் இருக்கிறான், லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் முப்பது வருஷம் என் பக்கத்தில் நின்று வேலை பார்த்த ஃபிட்டர், பைப் வேலை அவனுக்கு அத்துப்படி. ஆக நாலு நம்பர். நாலையும் காலண்டர் ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறேன். அவசரப்படக் கூடாது. யோசித்துச் செய்ய வேண்டும்.

பிப்ரவரி 5, புதன்

தண்ணீர் வந்தது. சம்பில் மூன்றில் ஒரு பங்குதான் ஏறியது.

தார்நாக்கா வரை நடந்து போய் சாம்பசிவம் கடையைப் பார்த்தேன். கடையைக் காலி செய்துவிட்டானாம். ஷட்டரில் ஃபோன் நம்பர் மட்டும் இருக்கிறது. வாட்டர் ஆபீசுக்குப் போனேன். கண்ணாடிக்குப் பின்னாலிருந்து அந்தப் பெண் ஏதோ சொன்னாள். இரண்டு தடவை கேட்டேன். மூன்றாவது தடவை ஒரு சீட்டில் நம்பரை எழுதி நீட்டினாள், ஃபோன் பண்ணிப் பதிவு செய்ய வேண்டுமாம். மெஷின்காரர்களுக்கு வாட்ஸப்பில் எழுதினேன். 'ப்ளீஸ் கால் சார்' என்று பதில். இந்த ஊரே ஃபோனுக்குள் குடிபோய்விட்டது.

பிப்ரவரி 6, வியாழன்

ஹம்சா இரண்டு தடவை கூப்பிட்டாள். எடுக்கவில்லை. 'சிக்னல் சரியில்லை, மெசேஜ் அனுப்பு' என்று எழுதினேன். ஹப்சிகுடாவில் சிக்னல் இல்லையாம்!

பிப்ரவரி 7, வெள்ளி

யாரையும் கூப்பிட வேண்டாம். தீர்ந்தது.

தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போது நீள ஸ்க்ரூடிரைவரின் முனையைப் பைப்பில் அழுத்தி, பிடியைக் காதில் வைத்துக் கேட்டேன். ஒர்க்‌ஷாப்பில் பேரிங் போனதை இப்படித்தான் கண்டுபிடிப்போம். ஐந்து நிமிஷம் கேட்டேன். கப்சிப். பைப் நன்றாக இருக்கிறது. ரோட்டில் ப்ரெஷர் குறைவு, அவ்வளவுதான். கல் ஈரம்? ஏதோ பழைய ஈரம்.

நஸ்ரின் வெளியே போகும்போது நின்று என்னமோ கேட்டாள். சிரித்துத் தலையாட்டினேன். சந்தோஷமாகப் போனாள். நல்ல பெண்.

பிப்ரவரி 8, சனி

எழுதவே கூசுகிறது.

காலையில் காயல்பட்டினத்திலிருந்து நஸ்ரினின் வாப்பாவும் உம்மாவும் வந்து இறங்கினார்கள். நேற்று அவள் கேட்டது, "அவங்க ரெண்டு நாள் இருப்பாங்க, தண்ணி போதுமா அங்கிள்?" என்று. நான்தான் போதும் போதும் என்று தலையாட்டினேனே. பத்து மணிக்கு டேங்க் காலி. ராத்திரி முழுக்க ரயிலில் வந்த மனுஷர், தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளு செய்யக்கூட வீட்டில் தண்ணீர் இல்லாமல் பள்ளிவாசலைத் தேடிப் போனார்.

நஸ்ரின் ஃபோனை எடுத்து இரண்டு நிமிஷத்தில் டேங்கர் வரவழைத்தாள். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

பிப்ரவரி 9, ஞாயிறு

தண்ணீர் வந்ததும் ஸ்க்ரூடிரைவரை நஸ்ரின் கையில் கொடுத்து, கேட்டுச் சொல்லச் சொன்னேன். காதில் வைத்தவுடன் நிமிர்ந்தாள். "சுர்ருன்னு இரையுதே அங்கிள். உங்களுக்குக் கேக்கலியா?" அவள் வாப்பாவும் வாங்கி வைத்துப் பார்த்து ஆமாம் என்றார். இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

"கேக்கலம்மா" என்றேன். வாய்விட்டு ஒரு ஆளிடம் சொன்னது இதுதான் முதல் தடவை.

இங்கேயாவது உண்மையை எழுதுகிறேன். யாரைக் கூப்பிடுவது, யாரைக் கூப்பிடுவது என்று ஆறு நாளாக எழுதினதெல்லாம் புளுகு. யாராயிருந்தாலும் ஃபோன்லதானே கூப்பிடணும்? ஃபோன்ல எனக்கு ஒரு எழவும் புரியறதில்ல. நேர்ல ஆளைப் பார்த்தா உதட்டைப் பார்த்துச் சமாளிச்சுப்பேன். ஃபோனுக்கு உதடு ஏது? ரிவெட் அடிக்கிற சத்தத்துல முப்பது வருஷம் நின்னது, ரிடையர் ஆனப்புறம் வட்டியோட வந்து நிக்குது. தெரிஞ்சா ப்ரியா மறுநாளே வீட்டுக்குப் பூட்டு வாங்கிடுவா. அந்தப் பயம்தான்.

நஸ்ரின் சாம்பசிவத்தைக் கூப்பிட்டுப் பேசினாள். நாளைக்கு வருகிறான். "ஆன்ட்டிகிட்டயும் நான் சொல்லட்டா?" என்று கேட்டாள்.

நக்கோ, வேண்டாம் என்றேன். அதை நான்தான் சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 10, திங்கள்

சாம்பசிவம் தோண்டினான். மீட்டருக்கு இந்தப் பக்கம், ஒரு சாண் தள்ளி, பைப் வளையும் இடத்தில் எல்போ துருப்பிடித்து ஓட்டை. நம் பக்கம்தான். சாப்பாட்டு நேரத்துக்குள் மாற்றிவிட்டான். ஒரு வாரம் இதற்கா மண்டையை உடைத்துக்கொண்டேன்?

பிறகு ஹம்சாவை வீடியோவில் கூப்பிட்டேன். அவள் ஆரம்பிக்கும் முன் சொல்லிவிட்டேன்: "எனக்குக் காது கேக்கல ஹம்சா. ரொம்ப நாளா." சட்டென்று ஸ்க்ரீனிலிருந்து அவள் முகம் மறைந்தது. கோபத்தில் கட் செய்துவிட்டாள் என்று நினைத்தேன். மெசேஜ் வந்தது:

'நான் பேசிக்கிட்டே இருப்பேன், நீங்க பாட்டுக்கு எழுந்து போவீங்களே. அதெல்லாம் இதனாலதானா? என் பேச்சு உங்களுக்குப் பிடிக்காமப் போச்சுன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்.'

எத்தனை வருஷமாக இப்படி நினைத்திருக்கிறாள்? நான் ஒரு மடையன். பூட்டுக்குப் பயந்தேனே தவிர, இது எனக்குத் தோன்றவே இல்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

ப்ரியாவுக்கும் எழுதிவிட்டேன். தனியாகச் சமாளிக்கவில்லை, மாடியில் நஸ்ரின் இருந்ததால் தப்பித்தேன் என்று. தோற்றதை ஒப்புக்கொள்வதுதானே முறை. பதில்: 'உதவி கேட்டீங்கல்ல, அது போதும்ப்பா. அங்கேயே இருங்க. ஆனா காது டாக்டரைப் பார்க்கணும்.'

பிப்ரவரி 14, வெள்ளி

ஃபெலிக்ஸ் ஸ்கூட்டரில் டாக்டரிடம் கூட்டிப்போனான். டாக்டர் அவனைப் பார்த்து, "உங்களுக்கும் டெஸ்ட் பண்ணிடலாமா?" என்றார். திரும்பி வரும்போது ஃபெலிக்ஸ் வழியெல்லாம் ஹாரனை அடித்து அடித்துக் கேட்டுப் பார்த்துக்கொண்டே வந்தான்.

பிப்ரவரி 19, புதன்

பேத்தி. ஃபோட்டோ வந்தது. மூக்கு ஹம்சாவுடையது.

பிப்ரவரி 25, செவ்வாய்

காதுக் கருவி வந்துவிட்டது. ஃபேன் இப்படிக் கத்தும் என்று யாரும் சொல்லவே இல்லையே.

மார்ச் 1, சனி

சம்ப் நிறைந்து கிடக்கிறது. தோண்டிய இடத்தில் கல்லைப் பதித்தாயிற்று.

மாலையில் ஹம்சாவை ஃபோனில் கூப்பிட்டேன். வீடியோ இல்லை, வெறும் ஃபோன். "என்ன ஆச்சு?" என்று பதறினாள். ஒன்றுமில்லை, சும்மாதான் என்றேன். பிறகு ஆரம்பித்தாள். குழந்தை பகலெல்லாம் தூங்குகிறது, மாப்பிள்ளை ரசத்தில் உப்பு போதவில்லை என்கிறார், எதிர் ஃப்ளாட் கமலா மாமி இரவல் வாங்கின குக்கரைத் திருப்பித் தரவில்லை. முக்கால் மணி நேரம். நடுவில் சட்டென்று நிறுத்தி, "இருக்கீங்களா?" என்றாள்.

"இருக்கேன், சொல்லு" என்றேன்.