இரண்டு பேர் பாடிய பாட்டு

மைனி,

இன்று மத்தியானம் மரச்சீனிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். உள்ளே மகன் ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தான். ஒரு நிலையத்தில் நிற்க அவனுக்குப் பொறுமை கிடையாது. கொஞ்சம் மலையாளம், கொஞ்சம் தமிழ், கொஞ்சம் கரகரப்பு என்று ஓடிய இடையில் அவள் பாடினாள். நம்முடைய அவள்தான். கத்தியைப் போட்டுவிட்டு, "திருப்பாத, அப்பிடியே வை" என்று சத்தம்போட்டேன். அம்மாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று அவன் பயந்தே போனான்.

பாட்டை முழுவதும் நின்றபடியே கேட்டேன். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். போன மழைக்காலத்தில் நீங்கள் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். வேறு யாரிடம் சொல்ல? அந்தப் பாட்டைத் தெரிந்தவர்கள் இந்த ஊரிலேயே நாம் இரண்டு பேர்தான்.

அண்ணனைக் கட்டி நீங்கள் வந்த புதிதில், பாட்டுப்பெட்டி வீட்டுக்கு வந்த நாள் நினைவிருக்கிறதா? மிஷன் பங்களாவில் லேஸ் பின்னச் சொல்லிக்கொடுத்த மதாம்மா, கப்பலேறும் முன் உங்களைக் கூப்பிட்டு அதைக் கொடுத்துவிட்டுப் போனாள். அண்ணன்தான் தலையில் சுமந்து வந்தான். அதோடு இசைத்தட்டு ஒன்றே ஒன்று. அதில் இருந்த எழுத்து இங்கிலீஷ்கூட இல்லை என்றான். சாவி கொடுத்து ஊசியை வைத்ததும் அவள் எடுத்த எடுப்பிலேயே உச்சத்துக்குப் போனாள். அடுக்களையிலிருந்து அம்மா ஓடிவந்து, "ஆருக்குப் பேறுவலி?" என்று கேட்டாள். நீங்கள் சிரித்த சிரிப்பில் புதுப்பெண் கூச்சமெல்லாம் அன்றோடு போயிற்று.

எனக்கும் முதலில் பிடிக்கவில்லை. நம் வேதக்கோவில் பாட்டில் வரிக்கு ஒரு தரம் மூச்சுவிட இடம் உண்டு. இவள் மூச்சே விடாமல் எங்கேயோ ஏறிக்கொண்டிருந்தாள். ஆனால் நீங்கள் லேஸ் பின்னுகிற தலையணையை மடியில் வைத்துக்கொண்டு மத்தியானந்தோறும் அதைப் போட்டீர்கள். கேட்கக் கேட்க எனக்கும் ஒட்டிக்கொண்டது. அவள் எங்கே ஏறுவாள், எங்கே தயங்குவாள் என்பதெல்லாம் மனப்பாடமாயிற்று. ஏறப்போகிற இடம் வந்தால் நம் இருவர் கையும் தானாக நின்றுவிடும். ஒரு சொல்லுக்கும் அர்த்தம் தெரியாது. தெரியாததால் ஒரு குறையும் இருந்ததில்லை.

பாதிக்குமேல் அவன் வருவான். அவள் குரல் இறங்கி இறங்கி ஓயும்போது, அடியிலிருந்து ஓர் ஆண் குரல் மெல்ல எழும். கனத்த, களைத்த குரல். அவள் கேட்டதற்கெல்லாம் நிதானமாகப் பதில் சொல்வான். கடைசியில் ஒரு பெருமூச்சாக இழுத்து நின்றுவிடுவான், தட்டும் நின்றுவிடும். அவள் அவனுடைய பெண்டாட்டி என்றேன் நான். இல்லை, கட்டிக்கொள்ளப் போகிறவள். கட்டினவள் இவ்வளவு நேரம் விளிக்கமாட்டாள் என்றீர்கள் நீங்கள். அதைக் கேட்டு அண்ணன் சிரித்துக்கொண்டே வெளியே போனான்.

அந்தச் சிரிப்பு அதிக காலம் இருக்கவில்லை. தமிழ் பேசுகிற தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று பாறசாலை முழுக்கக் கூட்டமும் ஊர்வலமுமாக இருந்த காலம். அண்ணன் கொடி பிடித்து முன்னால் போனான். போலீஸ் தேடுகிறது என்று தெரிந்ததும் ஒரு காலையில் உடுத்திய வேட்டியோடு கிழக்கே, தமிழ்நாட்டுப் பக்கம் போய்விட்டான். சீக்கிரம் வந்துவிடுவேன் என்றுதான் உங்களிடம் சொன்னானாம்.

அதன்பிறகு பாட்டு நமக்கு வேறாகிவிட்டது. தட்டைப் போட்டால் நீங்கள் பின்னலைத் தொடமாட்டீர்கள். அவன் குரல் எழும்வரை அப்படியே இருப்பீர்கள். எழுந்ததும் என்னைப் பார்த்து, "வந்தாச்சு பாத்தியா? அவ விளிச்சா அவன் வராம இருக்க மாட்டான் ஆக்கும்" என்பீர்கள். நானும் நம்பினேன். சொல்ல எனக்கென்ன வெட்கம், வேதவசனத்தைவிட அதைத்தான் அப்போது நம்பினேன்.

கடைசியில் எல்லை பிரித்தார்கள். களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் இருந்த உங்கள் அம்மாவீடு தமிழ்நாட்டுக்குப் போயிற்று. நம் வீடு கேரளத்தில் நின்றுவிட்டது. அண்ணன் எதற்காகப் போனானோ அது அவன் வீட்டுக்கே கிடைக்கவில்லை. ஓடிப்போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். அவனோடு போனவர்களில் ஒருவர் மட்டும் நம் முற்றத்தில் வந்து, உட்காராமல் நின்றே பேசினார். அண்ணன் காய்ச்சலில் கிடந்து முந்தின வருஷமே இறந்துபோனான், அடக்கமும் அங்கேயே முடிந்தது என்றார். அம்மா மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். நீங்கள் உள்ளே போய் அவருக்குக் கட்டன்சாயா போட்டுக் கொண்டுவந்தீர்கள்.

வெகுநாள் பெட்டியைத் திறக்கவில்லை நீங்கள். பிறகு ஒரு மத்தியானம் தூசி தட்டித் தட்டைப் போட்டீர்கள். நான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். அவள் குரல் இறங்கத் தொடங்கியதும் எனக்குத் தாங்கவில்லை. இனி அந்த ஆண் குரலை எப்படிக் கேட்பது? பாட்டை நிறுத்தத்தான் கையை நீட்டினேன். பதற்றத்தில் சாவியைப் பிடித்துத் திருகப்போனேன். சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள்.

"சாவி குடுக்காத, மக்கா. அவன் வரட்டு."

அன்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. துக்கத்தில் இருக்கிறவர்கள் ஏதாவது சொல்வார்கள் என்று விட்டுவிட்டேன்.

இன்று ரேடியோவில், அவள் இறங்குகிற இடம் வந்தது. அவள் இறங்கவில்லை, மைனி. அங்கிருந்து இன்னும் மேலே போனாள். நாம் ஒருநாளும் கேட்காத உயரத்துக்குப் போய், தனியாகவே பாடி, தனியாகவே முடித்தாள். கை தட்டினார்கள். யாரோ ஏதோ பாஷையில் பேசத் தொடங்கினார்கள். நான் அவன் வருவான் என்று நின்றுகொண்டே இருந்தேன்.

மகனிடம் கேட்டேன், இதில் ஓர் ஆண் பாடுவானே, அவன் எங்கே என்று. மகன் சிரித்துவிட்டான். "ஆணு ஏதும்மா? பழைய பெட்டியில ஸ்பிரிங் தளந்தா தட்டு மெதுவாச் சுத்தும். பெண்ணு கொரலு ஆணு கொரலாட்டு இழுக்கும், அவ்வளவுதான்."

அப்படியானால் நம் அவன் வேறு யாருமில்லை. சாவி தீர்ந்துபோன அவளேதான். நான் இத்தனை வயதுக்குப் பிறகு இன்று அறிந்தேன். நீங்கள் எப்போதிலிருந்து அறிந்திருந்தீர்கள்? சாவி கொடுத்தால் அவன் போய்விடுவான் என்று தெரியாமலா என் கையைப் பிடித்தீர்கள்? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று முதலில் கோபம்தான் வந்தது. பிறகு உரித்துப்போட்ட கிழங்கின் முன்னால் உட்கார்ந்து அழுதேன். அண்ணன் செத்த சேதி வந்த அன்றுகூட நான் அப்படி அழவில்லை.

உங்கள் பெட்டி இப்போது என்னிடம்தான் இருக்கிறது. நெய்யாற்றின்கரையில் கொடுத்து ஸ்பிரிங் மாற்றிக் கொண்டுவரட்டுமா, புதுசுபோலப் பாடும் என்று மகன் கேட்டான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்றான். அவன் கடைக்குப் போனபிறகு தட்டைத் துடைத்து வைத்து, கொஞ்சமாகச் சாவி கொடுத்துவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அவன் வந்தான், மைனி.