பழைய டோக்கன் என்ன ஆகும்?

17 ஜனவரி 2026, சனி

இருந்தவர்கள்: நான் (ஹானி), இவர் (இனாயத்), மகள் தூபா, அடையாறிலிருந்து வந்த சாஃப்ட்வேர் பெண் அனன்யா. டீ குடித்து முடிக்கும்வரை கடையின் ஆரி மாஸ்டர் பீர் முஹம்மது.

எங்கள் தி.நகர் கடை மாடியில் உட்கார்ந்தோம். கல்யாண பிளவுஸ் ஆரி வேலைக்கு இப்போது இரண்டு ஏஐ ஏஜென்ட். ஒன்று வாட்ஸ்அப்பில் ஆர்டர் வாங்குகிறது, மற்றது எந்தத் தேதிக்குத் தர முடியும் என்று பார்த்துச் சொல்கிறது. இரண்டும் டோக்கன் என்கிற ஒரே அனுமதிக் குறியீட்டைக் காட்டித்தான் ஆர்டர் தளத்துக்குள் நுழைய வேண்டும். அது ஒரு மணி நேரத்தில் காலாவதியாகிவிடும். புதிது வாங்கித் தர அனன்யா ஒரு கருவி செய்திருக்கிறாள். அதை எப்போது, எப்படிக் கூப்பிடுவது என்று ஏஜென்ட்டுகளுக்குப் புரிகிற மாதிரி நான் குறிப்பு எழுத வேண்டுமாம். அடுப்படியில் யூடியூப் பார்த்து இதைக் கற்றுக்கொண்டவளை நம்பி ஒருத்தர் தருகிற முதல் வேலை.

"உங்க எழுத்துதான்க்கா அதுங்களுக்கு எல்லாம். நீங்க எழுதாதது அதுங்களுக்குத் தெரியாது" என்றாள் அனன்யா.

இவர்தான் கொஞ்சம் இழுத்தார். "தை மாசம், ஹானி. வெள்ளிக்குள்ள ஒழுங்கா ஓடணும். இல்லன்னா எல்லாத்தையும் நிறுத்திட்டு நானே ஃபோனை எடுத்துக்கறேன்."

18 ஜனவரி, ஞாயிறு

எழுதி அனுப்பிவிட்டேன். வீட்டுக் கணக்கு எழுதுவதுபோலச் சுருக்கமாக, அடித்தல் திருத்தல் இல்லாமல். முதல் வரி: ஒவ்வொரு வேலைக்கு முன்பும் டோக்கனைப் புதுப்பிக்கவும். அல்ஹம்துலில்லாஹ், பார்க்கவே சுத்தமாக இருந்தது.

20 ஜனவரி, செவ்வாய்

காலையிலிருந்து ஒரு ஆர்டரும் ஏறவில்லை. ஒரு ஏஜென்ட் உள்ளே போனால் மற்றது வெளியே விழுகிறது. அது மறுபடி நுழைந்தால் இது விழுகிறது. மாஸ்டர் இவரிடம் கேட்டாராம்: "இன்னா பாய், ஓரகத்திங்க மாதிரி ஒண்ண ஒண்ணு வெளிய தள்ளிக்கினு கீது?" இவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் என் குறிப்பை மறுபடி எடுத்துப் படித்தேன்.

நான் எழுதினதுல என்ன தப்பு? பழசு தீர்றதுக்கு முன்னாடியே புதுசு வாங்கி வெச்சுக்கறது நல்லதுதானே — தப்பு எங்கன்னே தெரியலையே.

21 ஜனவரி, புதன்

மாலை அஸர் தொழுகைக்குக் கை, முகம், கால் கழுவி ஒளூ செய்யப் போனேன். காலேஜிலிருந்து வந்த தூபா முகம் கழுவக் காத்திருந்தாள்.

"மதியம் லுஹருக்குச் செஞ்ச ஒளூ முறிஞ்சிடுச்சாம்மா?"

"இல்லடி. தொழுகைக்குத் தொழுகை புதுசா செஞ்சா நன்மை."

"நீ செய்யற, சரி. ஏஜென்ட்டையும் அப்படியே பழக்கி வெச்சிருக்கியே."

கை நனைந்தபடியே நின்றுவிட்டேன். என் ஒளூவை நான் புதுப்பித்தால் பக்கத்தில் தொழுகிறவருடைய ஒளூ முறியாது. டோக்கன்? அதை நான் கேட்கவே இல்லையே.

தொழுதுவிட்டு அனன்யாவைக் கூப்பிட்டேன். "புதுசு வாங்கினா பழசு என்னம்மா ஆகும்?"

"அந்த நிமிஷமே செல்லாதுக்கா, யார் கையில இருந்தாலும். நான் சொல்லலியா?"

"சொல்லல. நானும் கேக்கல."

பொழுது சாய்ந்து மக்ரிப் தொழுகை வருவதற்கு முன்பே மாற்றி எழுதினேன்:

தளம் "அனுமதி முடிந்தது" என்று சொன்னால் மட்டும் இந்தக் கருவியை நினை. சந்தேகத்துக்காகக் கூப்பிடாதே. கூப்பிட்டால் பழைய டோக்கன் உடனே செல்லாமல் போகும், உன்னோடு வேலை செய்கிற ஏஜென்ட்டின் கையில் இருப்பதும். அதனால் முதலில் நீங்கள் இருவரும் டோக்கன் வைக்கிற பொது இடத்தில் பார். மற்றவர் புதியதை வாங்கி வைத்திருந்தால் அதையே எடுத்துக்கொள். இல்லையென்றால் ஒரு முறை கூப்பிட்டு, வந்ததைப் பொது இடத்தில் வை. வரவில்லையா, மறுபடி மறுபடி கேட்காதே. நிறுத்திவிட்டு இனாயத் பாய்க்குச் சொல். டோக்கனை எந்தச் செய்தியிலும் எழுதிவிடாதே.

தூபா படித்துவிட்டு, "மதரஸா கிதாபு மாதிரியே இருக்கும்மா" என்றாள். இருக்கட்டும்.

23 ஜனவரி, வெள்ளி

ஜும்ஆ தொழுகை முடிந்து இவர் வந்தார். சாப்பிட்டார். ஆர்டர் தானாக ஏறிக்கொண்டிருந்த ஃபோனை என் பக்கம் தள்ளி வைத்துவிட்டுப் போய்ப் படுத்தார். தை மாதத்தில் மதியம் தூங்குகிற இவரை இப்போதுதான் பார்க்கிறேன்.

2 பிப்ரவரி, திங்கள்

அனன்யா அடுத்த கருவியை அனுப்பியிருக்கிறாள், ஆர்டரை ரத்து செய்வதற்கு. இதற்கும் நானே குறிப்பு எழுத வேண்டுமாம். அவளுக்கு அனுப்பியதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்:

"அனன்யா, ரத்து செய்யும்போது துணி ஏற்கெனவே மாஸ்டரின் ஆரி மரச்சட்டத்தில் ஏறியிருந்தால் என்ன ஆகும்? இரண்டு ஏஜென்ட்டும் ஒரே ஆர்டரை ரத்து செய்யச் சொன்னால்? ரத்தானதைத் திரும்பக் கொண்டுவர வழி உண்டா? இதெல்லாம் தெரியாமல் ஒரு வரிகூட எழுத மாட்டேன்மா. சீக்கிரம் பதில் சொல்லு."