வரி பிடிக்கிற பென்ஷன்

மஞ்சக்குப்பம், கடலூர்
11.2.2010

உங்களுக்கு,

சிதம்பரத்தில் உங்கள் அக்கா வீட்டுச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா?

எங்கள் தனியார் பள்ளியில் பென்ஷன் கிடையாதே என்று, சேமிப்பு ஏஜென்ட் ஸ்டெல்லாவை நேற்று வீட்டுக்கு வரச்சொன்னேன். "பிபிஎஃப் போடுங்க டீச்சர். பதினஞ்சு வருஷம் கழிச்சு வர்ற பணத்துக்கு வரியே இல்ல. பென்ஷன் பாலிசின்னா இப்ப வரி மிச்சம், பின்னாடி மாசாமாசம் பணம் வர்றப்ப கட்டணும்" என்றாள். பிபிஎஃப்தான் லாபம் என்று எனக்கும் தெரிந்தது. கணக்கு டீச்சர் இல்லையா!

இரண்டு பேர் சேர்ந்து தொடங்கலாமா என்று கேட்டேன்.

"அது ஒருத்தர் பேர்லதான். பென்ஷன்னா உங்களுக்கப்புறம் சாருக்கும் வரும்" என்றவள், "சார் ஊருக்குப் போயிருக்காங்களா?" என்றாள். ஆமாம் என்றேன். எட்டு மாதமாகிறது என்று சொல்லவில்லை.

பென்ஷனையே எடுத்துவிட்டேன். ஸ்டெல்லா தலையில் அடித்துக்கொண்டாள்.

படிவத்தில் உங்கள் பிறந்த தேதியை நானே எழுதிவிட்டேன். உங்கள் போட்டோவும் கையெழுத்தும் வேண்டுமாம். தபாலில் அனுப்பிவிடாதீர்கள். ஒரு மணி நேர பஸ்தான்.

இப்படிக்கு,
விண்ணப்பதாரர்