மூன்றாம் பாய்லரில் ஒரு தகடு

நவம்பர் 11, திங்கள்

விடியும்போதே மழை. எதிர்ச் சரிவு தெரியவில்லை. ஃபேக்டரி இந்த வாரமும் மூன்று நாள்தான். பச்சை இலைக்கு விலை இல்லை, பறிக்கிற கூலிக்கே கட்டாது என்று சின்னத் தோட்டக்காரர்கள் செடியை அப்படியே விட்டுவிட்டார்கள். நாட்டில் டீ குடிப்பதை யாரும் நிறுத்தியதாகத் தெரியவில்லை.

அடுப்பெரிக்கும் ஃபயர்மேன் செல்லையாவோடு சண்டை. இலை உலர்த்தும் டிரையரின் காற்றுக் கதவை யாரோ கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள். யார், எப்போது, ஏன், வேலை நோட்டில் ஒரு வரி இல்லை. மெயின்டனன்ஸ் என் பொறுப்பு, கேட்காமல் இருக்க முடியுமா. நோட்டில் இல்லாத வேலையை யார் வந்து சரிபார்ப்பது என்று கத்தினேன்.  அவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டார். பிறகு, "கப்பல்ல எல்லாத்தையும் எழுதுவீங்களோ?" சிலோன் தோட்டத்தில் பிறந்த மனிதர், நிதானமாகத்தான் கேட்பார்.

"ஒரு தும்மலைக்கூட விட்டதில்லை" என்றேன். சும்மா சொல்லவில்லை. இருபத்தாறு வருடம் பாய்லர் ரூம். என் லாக் புத்தகத்தைக் காட்டித்தான் புதிய பையன்களுக்குப் பாடம் எடுப்பார்கள்.

மாப்பிள்ளை செந்தில் கடிதம். நான் இருந்த அதே விமானந்தாங்கிக் கப்பல், அதே பாய்லர் ரூம். 'கிழவிக்கு ரிப்பேர் முடிந்தது மாமா. வெள்ளிக்கிழமை காலை மூன்றாம் பாய்லரைப் பற்றவைக்கிறோம். நீங்கள் ரிட்டயர் ஆனபோது அணைத்ததுதான், ஆறு வருடமாகத் தொடவில்லை. அன்று என் வாட்ச் டியூட்டி.' இரண்டு தடவை படித்தேன். மனைவி பார்வதிக்கும் படித்துக் காட்டினேன்.

நவ. 12, செவ்வாய்

மழை. லீவ். பா. காலையிலேயே ஆரம்பித்துவிட்டாள். "ஏனுங்க, சும்மா உக்காந்திருக்கிறதுக்கு அந்த இரும்புப் பொட்டியக் காலி பண்ணுங்க. ஊடு பூரா பூசண நாத்தம்."

பெட்டியில்: வெள்ளை யூனிஃபார்ம் இரண்டு, ஷூ ஒன்று (இன்னொன்று எங்கே?), எண்ணெய்க் கறையோடு நீல ஓவரால். அதன் மேல்பையில் சிகரெட் அட்டைத் துண்டு. என் கையெழுத்து.

'3ம் பாய்லர் வடிகுழாய். தகடு. லாக்கில் எழுதவும்.'

அடியில் இரண்டு கோடு வேறு.

மாலை

சாப்பாடு இறங்கவில்லை. முறையாக எழுதிப் பார்க்கிறேன்.

கப்பலில் நான் போட்ட ஒட்டுகள், நினைவில் உள்ளவரை:
– ஆவியைக் குளிர்விக்கும் கண்டென்சர் ஒழுகியபோது கடல் தண்ணீர் உள்ளே வரும் வழியில் மரத்தூள் கொட்டி ஓட்டையை அடைத்தது. எழுதினேன்.
– பம்ப் பேரிங். ஸ்பேர் இல்லை. செய்த கம்பெனியையே நான் சேரும் முன்பு மூடிவிட்டார்கள். வேறொரு பம்ப்பில் கழற்றிப் போட்டது. எழுதினேன்.
– ஓட்டை விழுந்த பாய்லர் குழாய்கள், இரண்டு முனையும் அடைத்தது. ஒவ்வொன்றாக எழுதினேன்.
– 3ம் பாய்லர், ஸ்டீம் லைனின் வடிகுழாய். வால்வு மூடவில்லை, ஆவி சீறியது. விமானங்கள் இறங்கக் கப்பலுக்கு வேகம் வேண்டும், மேலிருந்து ஸ்டீம் ஸ்டீம் என்று கத்தல். லைனை இருபது நிமிடம் மூடி, குழாயை இணைக்கும் ஃபிளாஞ்ச் நடுவே ஒரு தகட்டைச் செருகி முடுக்கினேன். கரைக்கு வந்ததும் எடுப்பதாக இருந்தேன். கரையில் எனக்கு மாலை போட்டு அனுப்பிவைத்தார்கள்.

லைன் சூடாக இருக்கும்வரை பயமில்லை. ஆறிய லைனில் புதிதாக ஸ்டீம் விட்டால் அது தண்ணீராகித் தேங்கும். வடிகுழாய் அதற்குத்தான். அதில் தகடு இருந்தால் தண்ணீர் நிற்கும், பின்னால் வரும் ஸ்டீம் அதைத் தள்ளிக்கொண்டு ஓடிச் சம்மட்டி மாதிரி அடிக்கும். குழாய் பிளக்கும். முன்னால் நிற்பவன் பிழைக்கமாட்டான்.

முன்னால் நிற்கப்போவது செந்தில். ரிப்பேரில் எடுத்திருக்கலாம். பெயிண்டை மேலே அடித்துவிட்டும் போயிருக்கலாம்.

பா.விடம் சொல்லவில்லை.

நவ. 13, புதன்

போன் செத்துவிட்டது. பர்லியாருக்குக் கீழே மண்சரிவாம், ரோடு, ரயில், டெலிபோன் லைன் மூன்றும் போச்சு. எஸ்.டி.டி. பூத் ராவுத்தர்: "நாளைக்கும் வராது சார்." தந்தி ஆபீசிலும் அதே பதில்.

கோத்தகிரி வழி திறந்திருக்கிறதாம். மேட்டுப்பாளையத்துக்கு எட்டரை பஸ்ஸைப் பிடித்தேன். வழியெல்லாம் ஒரே யோசனை. மாப்பிள்ளையிடம் மட்டும் சொல்லி, ஓசைப்படாமல் எடுத்துவிடச் சொன்னால் என்ன? என் பெயர் பிழைக்கும். வழியில் கட்டபெட்டு ஊர் தாண்டும்வரை இந்த எண்ணம்தான். வெட்கமாக இருக்கிறது, எழுதிவைக்கிறேன். வடிகுழாயை அவன் தனியாகக் கழற்ற முடியாது, யாரைக் கேட்டாலும் ஏன் என்பார்கள்.

மேட்டுப்பாளையத்தில் வெயில். பூத்தில் வரிசை. மகள் கவிதாவின் பக்கத்து வீட்டு நம்பர். அவளைக் கூப்பிட்டுவர நாலு நிமிடம்.

"அப்பா, அவரு கப்பல்லயே இருக்காருப்பா. வெள்ளிக்கெழமைதான் ஊட்டுக்கு வருவாரு."

"பென்சில் எடு. நாஞ் சொல்றத எழுது."

எழுதினாள். திரும்பப் படிக்கச் சொன்னேன். கடைசி வரி: 'தகடு போட்டதும் எழுதாமல் விட்டதும் நான். என் பெயரோடு இன்ஜினியர் ஆபீசரிடம் கொடுக்கவும்.' அந்த வரியில் நிறுத்தினாள்.

"அப்பா, உங்க பேரு வேணுமா?"

"பேரு இல்லாத சீட்ட எவன் நம்புவான்? இப்பவே கப்பல் நிக்கிற டாக் கேட்டுக்குப் போ கண்ணு."

ஊர் திரும்ப ஐந்தரை. பா. வாசலில். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டியிருக்கலாம். சட்டை நனைந்திருக்கிறது, மாற்றுங்கள் என்று மட்டும் சொன்னாள்.

நவ. 14, வியாழன்

ஃபேக்டரி. இலை உருட்டும் ரோலர் நன்றாக ஓடியது. செல்லையாவின் நோட்டைப் பார்க்கவே இல்லை. போன் இல்லை.

நவ. 15, வெள்ளி

ஒன்பது மணிக்குப் பற்றவைப்பார்கள். ஒன்பதுக்கு பா. விளக்கேற்றி உட்கார்ந்தாள். நான் பின்பக்கம் போய் விறகு பிளந்தேன். தேவைக்கு மேல் பிளந்துவிட்டேன்.

பத்து மணி. பதினொன்று. போன் இல்லை. ரேடியோவில் தேயிலை ஏலம், கிரிக்கெட். கப்பல் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதுவே நல்லது என்றாள் பா. தலையாட்டினேன், நம்பவில்லை.

நவ. 16, சனி

பதினொன்றரைக்குக் கீழே மருந்துக் கடைக்காரர் குடையோடு ஓடிவந்தார். "சார், லைன் வந்துருச்சு. உங்க மருமகன், லைன்ல இருக்காரு."

படியில் இறங்கியது நினைவில்லை.

"மாமா, தகடு இருந்துதுங்க."

 அவன் குரலைக் கேட்டதே போதும்.

"ஓரத்துல உங்க முதலெழுத்தக் குத்தி வெச்சிருக்கறீங்க. மேல அஞ்சாறு கோட்டு பெயிண்ட். ஃபிளாஞ்சும் தெரியல, ஒண்ணும் தெரியல."

"பத்தவெச்சீங்களா மாப்பிள்ளை?"

"இல்லீங்க. புதன்கெழமையே நிறுத்தியாச்சு. எல்லா வடிகுழாயையும் கழட்டிப் பாருன்னுட்டாரு ஆபீசரு. நாலாம் பாய்லர்ல இன்னொரு தகடுங்க மாமா. அடுத்த மாசம் பத்தவெக்கிறதா இருந்தது. அதுல பேரே இல்ல."

ரிசீவரோடு கடைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கண்ணில் தண்ணீர். கடைக்காரர் வேறு பக்கம் பார்த்தார், நல்ல மனிதர்.

"ஆபீசரு ஒண்ணு கேக்கச் சொன்னாருங்க."

"என்ன?"

"எழுதாம விட்டது வேற ஏதாச்சும் இருக்குதான்னு."

இல்லை என்றேன். பிறகு, யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

மதியம் இரண்டு தட்டு சோறு. பா. அப்பளம் பொரித்தாள். நாலு மணிவரை தூக்கம்.

நவ. 18, திங்கள்

வெயில். செடியெல்லாம் பளிச்சென்று. விலை மட்டும் அப்படியேதான்.

செல்லையாவிடம் முழுக் கதையும் சொன்னேன், திட்டியதற்கு மன்னிப்பும் கேட்டேன். அடுப்புக்குள் ஒரு கட்டை தள்ளிவிட்டு நிமிர்ந்தார்.

"அந்தக் காத்துக் கதவுக் கம்பி இருக்குதே ஐயா."

"ஆமா, யார் கட்டுனதுன்னு தெரிஞ்சுதா?"

"அது நீங்க கட்டுனது. ஆடி மாசம், பெருங்காத்து அன்னிக்கு. நாந்தான் டார்ச்சு புடிச்சேன்."

நோட்டை வாங்கி எழுதினேன். பெயரோடு. அவர் எட்டிப் பார்த்தார்.

"டார்ச்சு புடிச்சதையும் போடுங்க."

போட்டேன்.