வலைக்கும் ஒரு பங்கு

தோணிரேவு,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள பவித்ரா நைனாவுக்கு,

கலைவாணி எழுதறேன். இங்க எல்லாரும் சுகம். பஹ்ரைன் வெயில்ல உடம்பைப் பாத்துக்குங்க. போன்ல நான் ரெண்டு வார்த்தை பேசறதுக்குள்ள நீங்க பத்து வார்த்தை பேசிடறீங்க, அதான் கடிதம். நாளைக்கு பிளேன் ஏறுற மோகன்குமார் கையில குடுத்தனுப்பறேன். முழுசா படிச்சுட்டு அப்புறம் கத்துங்க.

விடுதிப் பள்ளி நுழைவுத் தேர்வுல நம்ம பொண்ணு பவித்ராவுக்கு ஒரு மார்க்குல இடம் போச்சுன்னதும் 'மக்கு'ன்னீங்களே, அப்போ போன் ஸ்பீக்கர்ல இருந்துச்சு. அவ பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தா.

வயக்காட்டு ஊரான திருப்பாலைவனத்துப் பிள்ளைங்களவிட நம்ம ஏரிக்கரைப் பிள்ளைங்க மட்டம்னு அந்தப் பள்ளியில சொன்னாங்க. நான் ஒத்துக்கலை. மொத்த மார்க்கை மட்டும் பாத்து அப்படிச் சொல்லிட முடியுமா? வாடைக்காத்துல வலை விட்டவனையும் காத்தே இல்லாத நாள்ல விட்டவனையும் வெச்சு யார் கெட்டிக்காரன்னு நீங்க சொல்வீங்களா? ஒரே நாள், ஒரே தண்ணியில விட்டவங்களைத்தானே பாப்பீங்க?

அதையேதான் நானும் செஞ்சேன். தேர்வு நடத்தின மார்கரெட் மேடம்கிட்ட பேர் இல்லாம ஊர் மட்டும் போட்ட விடைத்தாளுங்களைக் கேட்டு வாங்கினேன். ஒவ்வொரு கேள்வியா எடுத்து, மத்த கேள்வியில எல்லாம் சமமா மார்க் வாங்கின ரெண்டு ஊர்ப் பிள்ளைங்களையும் பக்கத்துல வெச்சுப் பாத்தேன். முக்கால்வாசியில வித்தியாசமே இல்லை. ரெண்டே கேள்வியில நம்ம பக்கம் தொபுக்குனு விழுந்திருக்கு. ஒண்ணு நாத்து நடவு பத்தி. இன்னொண்ணு, நாலு பேர் படகுல போய் அறுபது மீன் பிடிச்சாங்க, சமமா பிரிச்சா ஆளுக்கு எத்தனை?

விடை பதினஞ்சு. நம்ம பிள்ளைங்க பாதிப் பேர் பன்னண்டுன்னு எழுதியிருக்காங்க. வலைக்கும் சேத்து அஞ்சு பங்கு வேணாமா? ஐயோ, சிரிச்சு சிரிச்சு எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு.

முகத்துவாரம் பத்தி ஒரு கேள்வி நமக்குச் சாதகமா இருந்துச்சு. அந்த ரெண்டோட அதையும் எடுத்துடுங்கன்னு பள்ளிக்கு நானே எழுதிக் குடுத்தேன். பவித்ரா அதைச் சரியா போட்டிருந்தா. என்னை எப்படி முறைச்சா தெரியுமா! நியாயம்னா ரெண்டு பக்கமும்தானே?

மூணையும் எடுத்துட்டு எல்லாருக்கும் மறுபடி மார்க் போட்டாங்க. நேத்து பட்டியல் வந்துச்சு. மொத்தம் பத்து இடம், நம்ம பவித்ரா பத்தாவது! ஸ்டாட்டிஸ்டிக்ஸ் படிச்சு இன்னா கிழிச்சன்னு என்னைக் கேட்ட உங்க அம்மாதான் இப்போ தெரு முழுக்க சொல்லிட்டு வர்றாங்க.

வெள்ளிக்கிழமைக்குள்ள சேரணும். ஆனா அவ பெட்டி கட்ட மாட்டேங்கறா. மக்கு எதுக்குப் படிக்கணும்னு கேக்கறா. நான் எத்தனை கணக்கு போட்டுக் காட்டினாலும் அந்த ஒரு வார்த்தையை அவ மனசுல இருந்து எடுக்க முடியலை. எனக்கு உங்க மேல கோவம் கோவமா வருது.

அவளும் பன்னண்டுன்னுதான் எழுதியிருக்கா. ஏன்டின்னு கேட்டேன். கரையில பங்கு பிரிக்கறப்போ, முதல்ல வலைக்கு எடுத்து வைன்னு நைனாதானே சொல்லிக் குடுத்தாருன்னு சொன்னா.

படிச்ச உடனே போன் பண்ணுங்க. என்கிட்ட வேணாம், அவகிட்ட பேசுங்க. மார்க்கைப் பத்திக் கேக்காதீங்க. அந்தப் பன்னண்டு சரிதான்னு ஒரே ஒரு தடவை அவகிட்ட சொல்லிடுங்க.

போனைப் பக்கத்துலயே வெச்சுக்கிட்டிருக்கும்,
கலைவாணி