முதலில் கைதட்டியவள்

ஜூன் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நீ கைதட்டினாய். புதிதாகச் சேர்ந்த பெண்ணை, கவிழ்த்துப் போட்ட பாட்டில் கிரேட்டின் மேல் ஏற்றி, அவள் சோதனையில் கவனிக்காமல் விட்ட கீறல் பாட்டிலைக் கையில் பிடிக்க வைத்து, எல்லாரையும் கேலியாகத் தட்டச் சொல்லி, நீயும் சேர்ந்து தட்டினாய். உங்கள் ஆலையிலிருந்து மாற்றலாகி வந்த பேக்கிங்காரி சொன்னாள். போனில் கேட்டால் "டவர் இல்லடி" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

நீ விட்டுப்போன நம் பழைய ஆலையில் அந்த வழக்கம் ஒழிந்து நான்கு மாதமாகிறது. ஒருத்தி கிரேட்டுக்குப் பயந்து, கீறல் பாட்டிலை ஏப்ரனுக்குள் ஒளித்து, அது உடைந்து வயிற்றைக் கிழித்துவிட்டது. ஆறு தையல். மறுநாள் காலை வேறொருத்தியைக் கிரேட்டில் ஏற்றியபோது நாங்கள் முப்பத்திரண்டு பேரும் கைகளை ஏப்ரன் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றோம். மானேஜர் மட்டும் தனியாக இரண்டு தட்டுத் தட்டினார். "என்ன சார், கொசுவா?" என்றாள் லேபிள் ஒட்டுகிறவள். அவ்வளவுதான். இப்போது தவறவிட்டவள் தானே வந்து, "ஒண்ணு விட்டுட்டேன்க்கா" என்று மேசையில் வைக்கிறாள். யாரும் சாகவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? கண் எரிச்சல் எப்படி இருக்கிறது?

உன்,
வாயாடி

ஜூன் 15

என் வாயாடிக்கு,

அக்கா நலம். கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுகிறேன். வெள்ளை வெளிச்சத்துக்கு முன்னால் பாட்டில்கள் போய்க்கொண்டே இருக்கின்றன அல்லவா, இப்போது கண்ணை மூடினாலும் அவை நிற்பதில்லை. நேற்றுக் கனவில் ஒவ்வொரு பாட்டிலுக்குள்ளும் மெல்ல மழை பெய்தது. நான் வெளியே நனையாமல் நின்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

சூப்பர்வைசரின் நீலக் கோட்டை இங்கே போட்ட முதல் பெண் நான். மற்ற இரண்டு ஷிப்டிலும் ஆண்கள்; அவர்கள் தட்ட வைக்கிறார்கள். நான் நிறுத்தினால், "பாத்தியா, பொம்பளைன்னா இளகிடுவா" என்பார்கள். கொஞ்சம் காலூன்றிக்கொள்கிறேன், பொறு.

உன் பெரிய பேச்சைப் படித்தபோது ஒன்று நினைவுக்கு வந்தது. பழைய ஆலையில் நானும் ஒருநாள் கிரேட்டில் நின்றேன். முதல் கைதட்டல் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

அன்புடன்,
அக்கா

ஜூன் 22

அக்கா,

ஆமாம், நான்தான். நான் வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வாரம். ஒரே வீட்டு ஆட்களை ஒரே லைனில் வைக்க மாட்டார்கள் என்று நாம் யாரோ எவரோ போல நடித்துக்கொண்டிருந்தோம். தட்டாமல் நின்றால் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பயந்து, முந்திக்கொண்டு, எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினேன். அன்று வீட்டில் நீ எனக்குச் சோறு போட்டாய். ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. ஏழு வருஷம். என்னை மன்னித்துவிடு.

எனக்கும் கனவு வரும். நீ நிற்கும் கிரேட் சத்தமில்லாமல் உயர்ந்துகொண்டே போகும். கடைசியில் உன் பாதங்கள் மட்டும் மேகம் போலத் தெரியும். கீழே என் கைகள் நான் சொல்லாமலே தட்டிக்கொண்டிருக்கும்.

நான் பயந்து தட்டினேன். நீயும் பயந்துதான் தட்டுகிறாய், கோட்டுதான் வேறு. இளகினால் என்ன குடி முழுகிவிடும்? கண்ணாடியே இளகித்தானே பாட்டிலாகிறது.

வரும் திங்கட்கிழமை மறுபடி யாரையாவது ஏற்றினால், நீ ஒருத்தி தட்டாதே. பேச வேண்டாம், சண்டை போட வேண்டாம். கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றால் போதும்.

உன் தங்கச்சி

ஜூலை 30

அக்கா,

ஐந்து வாரமாகிறது. போன் அடித்து அடித்து ஓய்கிறது. அறையை மாற்றிவிட்டாய் என்கிறார்கள், வேலையை விட்டுவிட்டாய் என்கிறார்கள், பெரிய பதவிக்குப் போய்விட்டாய் என்றும் சொல்கிறார்கள். ஆளுக்கொரு கதை.

நேற்று உங்கள் ஆலைச் சரக்கு இங்கே வந்தது. ஒரு பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் வெகுநேரம் பிடித்திருந்தேன். பச்சை நிறம் உள்ளங்கை முழுக்கப் பரவியது. ஒரு கீறல்கூட இல்லை. கிரேட்டுக்குப் பயந்து பார்த்ததாலா, பயம் விட்டுப் பார்த்ததாலா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

திட்டியாவது எழுது. அந்தத் திங்கட்கிழமை நீ என்ன செய்தாய்? அதை மட்டும் சொல்.

வாயாடி